அடுப்படியில் ஒரு வெள்ளை நூல்

பிளஸ் டூவில் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒரு இழை நீலம், இன்னொன்று சிவப்பு. படம் போட்டால் மார்க் நிச்சயம். ஆனால் டி.என்.ஏ.வை நேரில் பார்த்தது முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான், முத்தியால்பேட்டையில் அக்கா வீட்டு அடுப்படியில்.

அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள். "மாமா, இத நெஜமாவே பாக்க முடியுமா?" என்று கேட்டாள். வாழைப்பழத்தை மசித்து, உப்புத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் கலந்தோம். செல்லின் சவ்வு கொழுப்பாலானது. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற சோப்பு அதையும் கரைக்கும். வடிகட்டிய சாற்றின் மேல் குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்ற வேண்டும். "நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்?" என்றார் அக்கா வீட்டுக்காரர். கடைச் சரக்கில் பாதிக்கு மேல் தண்ணீர், அது உதவாது. மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி வந்தோம்.

இதெல்லாம் தொடங்கியதும் ஒரு சமையலறையில்தான். 1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், பழைய கோட்டையின் சமையற்கட்டு ஆய்வகமாக மாறியிருந்தது. ஃபிரீட்ரிஷ் மீஷர் என்ற 24 வயது இளைஞர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சீழ்பிடித்த கட்டுத்துணிகளை அங்கே அலசிக்கொண்டிருந்தார். சீழில் வெள்ளணுக்கள் அதிகம். அவற்றின் உட்கருவிலிருந்து பிரிந்த பொருளுக்கு 'நியூக்ளின்' என்று பெயரிட்டார். அதைத்தான் இன்று டி.என்.ஏ. என்கிறோம்.

புதுச்சேரிக்கும் இந்த மாதிரி வேலை புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததுதான் ஜிப்மர். அதன் பக்கத்தில், 1975இல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம் இருக்கிறது. கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியாவை நொதிக்கலனில் வளர்த்து மருந்தாக்கும் நுட்பத்தை அங்கே உருவாக்கினார்கள். நான் பயோடெக்னாலஜி என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போய்வந்தேன். உள்ளே நடப்பதும் என் நோட்டில் இருப்பதும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே டி.என்.ஏ. கற்றல் மையத்தை 1988இலேயே திறந்துவிட்டது. இங்கே 2023-24இல் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. புத்தகம் மாறியது. பிள்ளைகளின் கைக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என் கேள்வி.

முதல் தடவை எங்களுக்கு எதுவும் வரவில்லை. ஆல்கஹாலை ஊற்றிய வேகத்தில் அவள் டம்ளரைக் குலுக்கிவிட்டாள், எல்லாம் கலங்கிப்போனது. நான் வரைந்த படம் ஒரு நாளும் இப்படிச் சொதப்பியதில்லை. அதனால்தானோ என்னவோ, அது எனக்கு எதையும் கேட்கக் கற்றுத்தரவில்லை. இவளோ "ஏன் வரல?" என்று உடனே கேட்டாள். கோட் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

அடுத்த பழத்தை அவளே மசித்தாள். டம்ளரைச் சாய்த்து, ஓரமாக, மெதுவாக ஊற்றினாள். சில நிமிடத்தில் இரண்டு திரவங்களுக்கும் நடுவே வெள்ளையாக, சளிபோல ஏதோ எழும்பியது. அவள் அதை ஊதுவத்திக் குச்சியில் சுற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மாமா, இதுல செவப்பும் நீலமும் எங்க?"