சினனான்: மீட்பு இல்லம் சிறையான கதை

போதையிலிருந்து மீட்கிறேன் என்று ஒருவர் பலகை மாட்டிவிட்டால் போதுமா? அவர் செய்வது சரியா என்று யார் பார்ப்பது? அமெரிக்காவில் நடந்த சினனான் கதையைப் படித்தால் இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

1950களில் அங்கே ஹெராயினுக்கு அடிமையானவர் திருந்தவே மாட்டார் என்றுதான் பலரும் நம்பினார்கள். சிறைக்குப் போகலாம். இல்லையென்றால் கெண்டகி மாநிலம் லெக்சிங்டனில் சிறை மாதிரியே நடந்த அரசு மருத்துவமனைக்குப் போகலாம். வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி ஊசியைத்தான் தேடினார்கள்.

இந்த நிலையில் 1958ல் கலிபோர்னியாவில் சார்லஸ் டெடரிக் என்பவர் சினனானைத் தொடங்கினார். அவர் மருத்துவர் இல்லை, குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர். மருந்து வேண்டாம், மீண்டவர்களே மற்றவர்களை மீட்கட்டும் என்பது அவர் கொள்கை. எல்லோரும் ஒன்றாகத் தங்கி வேலை செய்தார்கள். 'விளையாட்டு' என்ற பெயரில் ஒரு கூட்டம் நடக்கும். வட்டமாக உட்கார்ந்து, ஒருவரைப் பிடித்து மற்றவர்கள் திட்டித் தீர்ப்பார்கள். அவர் தன் பொய்களை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அங்கே இருந்தவரை பலர் போதையைத் தொடவில்லை என்பதும் உண்மைதான். பத்திரிகைகள் பாராட்டின. 1965ல் ஹாலிவுட்டில் படமே வந்தது. நீதிமன்றங்கள்கூட ஆட்களை அனுப்பிவைத்தன.

கோளாறு இதற்குப் பிறகுதான். வெளியே போனால் மறுபடி கெட்டுவிடுவீர்கள், அதனால் ஆயுள் முழுக்க இங்கேயே இருங்கள் என்று 1960களின் கடைசியில் டெடரிக் சொல்ல ஆரம்பித்தார். குணமாகி வீட்டுக்குப் போவது என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. 1970களில் சினனான் தன்னை ஒரு மதம் என்று அறிவித்துக்கொண்டது. அடிதடி வந்தது. 1977ல் ஆண்களைக் குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்துகொள்ள நெருக்கினார்கள். தம்பதிகளைப் பிரித்து வேறு துணையோடு சேர்த்தார்கள்.

விருப்பமில்லாமல் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காக பால் மோரன்ட்ஸ் என்ற வழக்கறிஞர் வாதாடி, 1978ல் 3 லட்சம் டாலர் இழப்பீடு பெற்றுத் தந்தார். சில வாரங்களில், அக்டோபர் 10 அன்று, அவர் வீட்டுத் தபால் பெட்டிக்குள் கிலுகிலுப்பை அறுக்கப்பட்ட ஒரு விரியன் பாம்பு இருந்தது. கடிபட்டும் பிழைத்துக்கொண்டார். டிசம்பரில் போலீஸ் டெடரிக்கைக் கைது செய்யப் போனபோது அவர் குடித்திருந்தார்! கொலைச் சதி வழக்கில் 1980ல் அவருக்கு அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும்தான் கிடைத்தன. சினனான் 1991ல் மூடப்பட்டது. அதைத் தொடர்ந்து அம்பலப்படுத்தியதற்காக 1979ல் புலிட்சர் பரிசு வாங்கியது 'பாயிண்ட் ரேயஸ் லைட்' என்ற சின்ன வாரப் பத்திரிகை.

டெடரிக் முதல் நாளிலிருந்தே மோசடிக்காரர் என்று சொல்ல முடியாது. அவரைக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் விஷயம். 'நானே மீண்டவன்' என்பதையே தகுதிச் சான்றிதழாக எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

வீட்டில் ஒருவர் போதையில் அழியும்போது குடும்பம் யாரையும் நம்பத் தயாராக இருக்கும். அந்த நேரத்திலும் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். சிகிச்சை தருபவருக்கு என்ன பயிற்சி? சம்மதம் வாங்குகிறார்களா? வீட்டார் வந்து பார்க்கலாமா? அடித்தால் வெளியில் யாரிடம் புகார் செய்வது? எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் சேர்க்காதீர்கள்.