கடல்கடந்த கணக்கும் ஊர்க்கல்வியும்: செட்டிநாடு – பர்மா தொடர்பை முன்வைத்து

புலம்பெயரும் வாய்ப்பை எதிர்பார்த்துப் பலர் கற்பார்கள். அவர்களுள் சிலரே வெளியேறுவார்கள். எஞ்சியோரின் கல்வி ஊருக்கு ஆதாயமாகும் என்று ஓடெட் ஸ்டார்க் முதலிய பொருளியலாளர் 1990களில் வாதிட்டனர். அவ்வாறு பெறப்படும் கல்வி எத்தகையது என்பதைப் பொறுத்தே அந்த ஆதாயம் அமையும் என்பதற்குச் செட்டிநாடு சான்றாகிறது.

மதுரை மாவட்டத்தின் வடகிழக்கு விளிம்பிலுள்ள கொட்டாம்பட்டியிலிருந்து சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி செல்லும் சாலை நகரத்தார் ஊர்களை அடைகிறது. 1852ஆம் ஆண்டுப் போருக்குப்பின் கீழ்ப்பர்மாவில் நெல் வேளாண்மை பெருகியபோது, அதற்குக் கடனளிக்க இவ்வூர்களிலிருந்து ஆட்கள் சென்றனர். அதற்கான பயிற்சி இளமையிலேயே தொடங்கியது. முந்திரி, காணி, மா எனப் பின்ன வாய்பாடுகளை மனனம் செய்த சிறுவன், பெட்டியடிப் பையனாகக் கடையில் சேர்ந்தான். பின்னர் அடுத்தாளாகி, பேரேடும் ஐந்தொகையும் கைவரப்பெற்றபின் முகவராக உயர்ந்தான். முகவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் சென்று திரும்பினார். இரங்கூன் முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடித் தீர்மானித்த நடப்பு வட்டியைக் கொண்டு, தாளின்றியே வட்டி கணக்கிடும் ஆற்றல் அவருக்கு வேண்டியிருந்தது. கணக்குகள் தமிழிலேயே எழுதப்பட்டன. ஆங்கிலமோ பட்டமோ தேவைப்படவில்லை. பெண்கள் பொதுவாகக் கடல்கடந்து செல்லாமையால் இத்தூண்டுதல் அவர்களை எட்டவேயில்லை. இது சிறிய குறை அன்று.

இப்பயிற்சியின் விளைவு வியக்கத்தக்கது. 1929–30ஆம் ஆண்டுகளில் பர்மா வங்கி விசாரணைக் குழு அங்கிருந்த நகரத்தார் கடைகளை ஏறத்தாழ 1,650 என்றும், முதலீட்டை 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. ஆனால் இத்திறன் கடையோடும் குலத்தாரிடையே நிலவிய நம்பிக்கையோடும் பிணைந்தது. வேறொருவரிடம் காட்டி வேலை பெறத்தக்க சான்றிதழ் எதையும் அது தரவில்லை. நெல்விலை வீழ்ச்சியால் கடனுக்கு ஈடாக நிலங்கள் வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 ஆக இருந்த நகரத்தார் நிலப்பங்கு 1938இல் 25 ஆயிற்று. 1942ஆம் ஆண்டு ஜப்பானியப் படையெடுப்பும் 1948ஆம் ஆண்டு நிலத் தேசியமயச் சட்டமும் அவ்வாழ்வை முடித்தன.

பர்மா வழி அடைபட்டதே பட்டக்கல்விக்கு வித்திட்டது என்று மட்டும் கூறுவது பொருந்தாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இலேயே, அதாவது வீழ்ச்சிக்கு முன்பே, தோன்றிவிட்டது. எனினும் செட்டிநாட்டிற்குள் கல்லூரிக் கல்வி வேரூன்றியது அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய பின்னரே ஆகும். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். அது 1953இல் திறக்கப்பட்டது. இரங்கூனிலிருந்து திரும்பிய நடுவயது முகவருக்கு இவ்வகுப்பறைகளில் இடமில்லை; அவை அவருடைய பிள்ளைகளின் தலைமுறைக்கே பயன்பட்டன.