நெல்வயல் நீரும் நாட்டுச் சட்டமும்



செம்பனை ஆலைக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு, ஆலையின் பின்புறம் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும் பெரிய குளங்களை நன்றாகத் தெரியும். கறுத்த நீர், மேலே நுரை, காற்று திரும்பினால் லயம் வரை வந்து சேரும் நாற்றம். பிள்ளைகளை அந்தப் பக்கம் போக விடமாட்டோம். அந்தக் குளங்கள் எதற்காக வெட்டப்பட்டன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? ஆலைக் கழிவு ஆற்றில் நேராகக் கலக்கக் கூடாது என்று நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அச்சட்டத்தின் பயனே அக்குளங்கள்.

ஆலையின் கழிவை அடக்கிய அந்த வழி, நெல்வயலிலிருந்து வடியும் நஞ்சை அடக்க உதவவில்லை. ஏன் உதவவில்லை? அதற்குப் பிறகு என்ன வழி காணப்பட்டது? இன்றைய உரையில் இவற்றைப் பார்ப்போம்.

முதலில் ஆலையின் கதை. நம் நாட்டில் வாணிபத்திற்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917ஆம் ஆண்டில், சிலாங்கூரிலுள்ள தென்னமரம் தோட்டத்தில். 1960ஆம் ஆண்டுகளில் பல தோட்டங்களில் பால் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. ஆலைகள் பெருகின. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வெளிப்படும். அது அப்படியே ஆற்றில் விடப்பட்டது. 1970ஆம் ஆண்டுகளின் நடுவில், செம்பனை ஆலைகள் ஆறுகளுக்கு ஏற்படுத்திய சுமை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் மலக்கழிவு ஏற்படுத்தும் சுமைக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள்.

1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1977ஆம் ஆண்டில் செம்பனை ஆலைகளுக்கும், 1978ஆம் ஆண்டில் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகள் வந்தன. ஒவ்வோர் ஆலையும் உரிமம் பெற வேண்டும். வெளியேற்றும் கழிவின் அளவுக்கு ஏற்பக் கட்டணமும் செலுத்த வேண்டும். கழிவுநீர் எவ்வளவு கெட்டது என்பதை, அது ஆற்று நீரிலிருந்து எவ்வளவு உயிர்வளியை உறிஞ்சும் என்பதைக் கொண்டு அளந்தார்கள். செம்பனை ஆலையின் பச்சைக் கழிவில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1978ஆம் ஆண்டில் 5,000க்கு மேல் போகக் கூடாது என்றார்கள். பிறகு ஆண்டுக்காண்டு 2,000, 1,000, 500 என்று குறைத்து, 1984இல் 100 என்று நிறுத்தினார்கள். ஆலைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஆற்றில் விழும் கழிவு பெருமளவு குறைந்தது.

இது எப்படி முடிந்தது? ஆலைக்கு ஒரு கழிவுக் குழாய் உண்டு. அதிகாரி அந்தக் குழாயடியில் நின்று ஒரு போத்தல் நீர் பிடித்துச் சோதிக்கலாம். அளவு மீறினால் யார் குற்றவாளி என்பதில் ஐயமே இல்லை. ஆலையின் பெயர் வாசலிலேயே எழுதியிருக்கிறது.

இனி வடக்கே போவோம். கெடா, பெர்லிஸ் மாநிலங்களின் கடலோரச் சமவெளியில் மூடா நீர்ப்பாசனப் பகுதி இருக்கிறது. ஏறத்தாழ 96,000 ஹெக்டர் நெல்வயல். முன்பெல்லாம் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம்தான். 1965ஆம் ஆண்டில் உலக வங்கி இத்திட்டத்திற்கு 4 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலர் கடன் வழங்கியது. மூடா, பெடு என்னும் இரண்டு அணைகள் கட்டப்பட்டன. மலையைக் குடைந்து இரண்டையும் இணைத்தார்கள். 1970ஆம் ஆண்டு முதல் இரண்டு போகம் விளையத் தொடங்கியது. நாட்டில் விளையும் நெல்லில் கணிசமான பங்கு அன்று முதல் அங்கிருந்தே வருகிறது. இது சிறிய சாதனை அன்று.

ஆனால் அந்த வயலில் நெல் மட்டுமா விளைந்தது? இல்லை. வயல் நீரில் விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை, சியாம் நாட்டிலிருந்து வந்த செப்பாட் மீன் எல்லாம் வளர்ந்தன. வயலின் மூலையில் ஒரு குழி வெட்டி வைப்பார்கள். அறுவடைக்காக நீர் வடியும்போது மீன்கள் அக்குழியில் வந்து சேரும். அவற்றைப் பிடித்துச் சமைப்பார்கள், கருவாடு போடுவார்கள், மிஞ்சியதை விற்பார்கள். குத்தகைக்கு உழுத ஏழைக் குடும்பத்திற்கு அந்த மீனே கறி, கைச்செலவுப் பணமும் அதுவே. பேராக் மாநிலத்துக் கிரியான் வட்டாரத்திலும் இதே வழக்கம் இருந்தது. அங்கே 1906ஆம் ஆண்டில் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. அவ்வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் நம் முன்னோர் பாடுபட்டது பலருக்கு நினைவிருக்கும்.

இரண்டு போகம் வந்த பின்பு மீன் குறைந்தது. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே, நெல் ஏறுகிறது, மீன் இறங்குகிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதற்குக் காரணம் ஒன்றல்ல. குறுகிய காலத்தில் விளையும் புதிய நெல்லுக்கு வயலில் நீர் நிற்கும் நாள்கள் குறைந்தன. மீன் வளர நேரமில்லை. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மீன்களுக்கு ஒரு கொடிய புண் நோயும் வந்தது. இவற்றோடு மூன்றாவதாகச் சேர்ந்தது மருந்து. இடைவிடாமல் பயிர் நின்றதால் பூச்சிகளும் இடைவிடாமல் பெருகின. அவற்றைக் கொல்ல அடித்த மருந்துகளில் எண்டோசல்பான் போன்றவை மீனுக்குக் கடும் நஞ்சு. மிகச் சிறிய அளவே போதும், மீன் மிதந்துவிடும். 1980ஆம் ஆண்டுகளில் நாற்று நடுவதை விட்டு நேரடியாக விதைக்கும் முறை பரவியது. அதனால் களை பெருகியது, களைக்கொல்லியும் பெருகியது.

நேயர்களே, இப்போது அதே அதிகாரியை மூடா வயலுக்கு அழைத்துச் செல்வோம். அவர் எங்கே நின்று நீர் பிடிப்பார்? பல்லாயிரம் குடும்பங்கள், எண்ணற்ற வயல்கள். வாய்க்கால்கள் நெருக்கமாக இல்லாத இடங்களில் ஒருவர் வயலில் பாய்ந்த நீர், வரப்பைக் கடந்து அடுத்தவர் வயலுக்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த வயலுக்கு. கடைசியில்தான் வடிகாலில் விழும். வடிகாலில் மீன் செத்து மிதந்தால் யாருடைய மருந்து என்று சொல்வது? இன்று அடித்தவரா, நேற்று அடித்தவரா? திங்கட்கிழமை அடித்த மருந்தைச் செவ்வாய்க்கிழமை மழை கழுவிக்கொண்டு போனால் குற்றம் மழையினுடையதா?

உள்நாட்டு நீர்நிலைகளைக் கெடுக்கக் கூடாது என்று 1974ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகச் சொல்லத்தான் செய்தது. ஆனால் ஆலையைப் போல் வயலுக்கு ஒரு குழாய் இல்லை. ஒவ்வோர் உழவருக்கும் உரிமம் கொடுத்து, ஒவ்வொரு வரப்பிலும் நீரைச் சோதிப்பது எந்த அரசாங்கத்தாலும் ஆகாத காரியம். இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. நீர் பாய்ச்சிப் பயிர் செய்யும் நாடுகள் எல்லாவற்றிலும் உண்டு.

நீர் வெளியேறும் இடத்தில் பிடிக்க முடியாவிட்டால், நஞ்சு உள்ளே நுழையும் இடத்தில் பிடிக்கலாம் அல்லவா? அதாவது, மருந்துப் போத்தலைப் பிடிப்பது. அதே 1974ஆம் ஆண்டில் பூச்சிகொல்லிச் சட்டம் என்ற இன்னொரு சட்டமும் வந்தது. அதன்படி ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. அந்த வாரியத்தில் பதிவு பெறாத மருந்தை இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது. போத்தலின் மேல் என்ன மருந்து, எவ்வளவு கடுமையானது, எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதியிருக்க வேண்டும். நஞ்சின் கடுமையைக் காட்டும் வண்ணப் பட்டையும் இருக்க வேண்டும்.

இந்த வழிக்கு வலுவான சான்று அண்டை நாடான இந்தோனேசியாவில் கிடைத்தது. அங்கே அரசாங்கம் பூச்சி மருந்துக்கு மானியம் கொடுத்து மலிவாக விற்றது. உழவர்கள் அள்ளித் தெளித்தார்கள். ஆனால் புகையான் பூச்சி குறையவில்லை, பெருகியது. காரணம், புகையானைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளும் மருந்தினால் முதலில் மடிந்தன. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அதிபர் ஓர் ஆணையிட்டு, 57 வகைப் பூச்சி மருந்துகளை நெல்லுக்கு அடிப்பதைத் தடை செய்தார். சில ஆண்டுகளில் மானியமும் நிறுத்தப்பட்டது. நெல் விளைச்சல் விழுந்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. விளைச்சல் விழவில்லை.

நம் நாட்டில் எண்டோசல்பான் 2005ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2011இல், அது உலக அளவில் ஒழிக்கப்பட வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

போத்தலைப் பிடிப்பது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. தோட்டப்புறத்தில் மருந்து அடித்தவர்களுக்குப் பாராக்குவாட் என்ற களைக்கொல்லியைத் தெரியாமல் இருக்காது. முதுகில் தோம்பைச் சுமந்து அதைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். 2002ஆம் ஆண்டில் அதைத் தடை செய்வதாக அறிவித்தார்கள். 2006ஆம் ஆண்டில் அத்தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. முதல் அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் இடையில் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஆலைக் கழிவின் அளவை 5,000இலிருந்து 100க்குக் குறைக்க ஆறு ஆண்டுகள் போதுமாயிருந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மருந்தை நிறுத்துவதென்றால், அதை விற்பவர், வாங்குபவர், அதற்கு மாற்று இல்லை என்று சொல்பவர் எல்லாரும் எதிரே நிற்பார்கள்.

ஆகவே நேயர்களே, இந்த வரலாறு நமக்குச் சொல்வது இதுதான். குழாய் உள்ள இடத்தில் சட்டம் குழாயைப் பிடிக்கும். குழாய் இல்லாத இடத்தில் போத்தலைப் பிடிக்கும். ஆனால் போத்தலின் மூடியைத் திறந்த பிறகு, அது வாய்க்காலைச் சேரும் வரை உள்ள தூரத்தில் எந்த அதிகாரியும் நிற்பதில்லை. அங்கே நிற்பது மருந்து அடிக்கும் மனிதர் ஒருவர்தான். மழை இருட்டிக்கொண்டு வரும்போது அடிக்கலாமா, தோம்பை ஆற்றில் இறங்கிக் கழுவலாமா, வெறும் போத்தலை ஓடையில் வீசலாமா என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. அவரை ஏவுகின்ற முதலாளி, தண்டல் கையிலும் இருக்கிறது. கழுவுவதற்கு ஆற்றை விட்டால் வேறு இடம் கொடுக்காமல், ஆற்றில் கழுவாதே என்று சொல்வதில் நியாயமில்லை. அந்த இடத்தைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

மூடா வடிகாலில் தூண்டில் போடும் பிள்ளையும், தோட்டத்து ஓடையில் விரால் பிடிக்கும் நம் பிள்ளையும் வீட்டுக்குக் கொண்டுவருவது அதே மீனைத்தான். அந்த மீன் உயிரோடு துள்ளினால், மேலே எங்கோ யாரோ கவனமாக நடந்துகொண்டார்கள் என்று பொருள்.