நாற்பதை நெருங்கும் டிஃபெண்டரைப் பழைய கிளப் திரும்பக் கூப்பிடலாமா?

2005ஆம் ஆண்டு.
ரஷ்யாவின் மாஸ்கோ நகரம்.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இருந்து கால்பந்து ஆட வந்த இருபது வயதுப் பையன் ஒருவன், மைதானத்துக்குப் பதிலாக மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறான்.

நோய்: நுரையீரல் காசநோய்.
நம்ம ஊரில் டிபி என்று சொல்வோமே, அதுதான்.

மொழி தெரியாத ஊர், பனி, பல மாதங்கள் தனிமை வார்டு. டைனமோ மாஸ்கோ அணிக்கு ஆட வந்திருந்தான். ஆனால் ஒரு லீக் ஆட்டம்கூட ஆட முடியவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிரே போயிருக்கும் என்று மருத்துவர்கள் சொன்னதாக, பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கால்பந்தே வேண்டாம் என்று முடிவெடுத்த மகனைத் தேற்றியவர் அவர் அம்மா.

2006இல் அந்தப் பையனை நம்பி எடுத்துக்கொண்டது ரியோவின் ஃப்ளுமினென்சே கிளப். அவனை முன்பே அறிந்த பயிற்சியாளர் இவோ வோர்ட்மான் அப்போது அங்கே இருந்தார்.

அந்தப் பையன் பெயர் தியாகோ சில்வா.

அடுத்த ஆண்டே, 2007இல், ஃப்ளுமினென்சே பிரேசில் கோப்பையை வென்றது. அதன்பிறகு ஏசி மிலன், பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், செல்சி. பிரேசில் தேசிய அணியின் கேப்டன். 2021இல் செல்சியோடு சாம்பியன்ஸ் லீக் கோப்பை.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம் நண்பர்களே.

2024 மே மாதம். தியாகோ சில்வாவுக்கு வயது 39. செல்சியோடு ஒப்பந்தம் முடிகிறது. ஃப்ளுமினென்சே அவரைத் திரும்ப அழைக்கிறது, அதுவும் இரண்டு வருட ஒப்பந்தத்தோடு.

இது புத்திசாலித்தனமா? இல்லை வெறும் பாசமா?

முதலில் உடம்பு என்ன சொல்லுது பார்ப்போம்.

முப்பதுக்கு மேல் நம் தசைகளின் அளவு மெல்லக் குறைய ஆரம்பிக்கும். அதிலும் முதலில் அடிவாங்குவது வேகத்துக்கான தசை இழைகள். திடீரென்று பாய்வது, சட்டென்று திரும்புவது எல்லாம் அவற்றின் வேலை. தசைநாண்கள் பழைய நெகிழ்வை இழக்கும். தொடைப் பின்தசையில் ஒரு கிழிசல் வந்தால் ஆறுவதற்கு அதிக நாள் ஆகும். புதன்கிழமை ஆடியவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுசாகத் தேறமாட்டார்.

டிஃபெண்டருக்கு இது இரட்டைச் சோதனை. ஸ்ட்ரைக்கர் எப்போ ஓடணும்னு தானே முடிவு பண்ணுவார். டிஃபெண்டரோ அடுத்தவர் ஓடும்போது ஓடியாகணும். அதுவும் பின்பக்கம் திரும்பி.

ஆனால் ஒரு விஷயம் அவ்வளவு சீக்கிரம் கிழடு தட்டாது.
ஆட்டத்தைப் படிக்கும் கண்.

பந்து எங்கே வரப்போகிறது என்று இரண்டு நொடி முன்பே தெரிந்தவருக்கு ஓட்டம் பாதி மிச்சம். வயதான டிஃபெண்டரின் மூலதனம் அதுதான். அந்த மூலதனம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி.

வரலாறு இதற்கு ஒரே சீசனில் இரண்டு உதாரணம் கொடுத்திருக்கிறது. 2009-10 சீசன்.

முதலாமவர் ஃபாபியோ கன்னவாரோ. 2006இல் உலகக்கோப்பை வென்ற இத்தாலி அணியின் கேப்டன். அதே ஆண்டு பலோன் தோர் விருது. மேட்ச் ஃபிக்சிங் விவகாரத்தில் யுவென்டஸ் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டபோது, அவர் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். 2009இல், 35 வயதில், அதே யுவென்டஸ் அவரைத் திரும்ப எடுத்தது. கஷ்டகாலத்தில் விட்டுப் போனவர் என்ற கோபம் ரசிகர்கள் மனதில் அப்படியே இருந்தது.

அவரைத் தடுப்பு வரிசையின் முக்கிய ஆளாக வைத்தார்கள். என்ன ஆச்சு?

சீசன் நடுவிலேயே பயிற்சியாளர் சிரோ ஃபெராரா நீக்கப்பட்டார். லீகில் அணி வாங்கிய கோல்கள் 56. கடைசியில் ஏழாவது இடம். யூரோப்பா லீகில் ஃபுல்ஹாமிடம் 4-1 தோல்வி. அந்த ஆட்டத்தில் முதல் பாதியிலேயே கன்னவாரோவுக்கு ரெட் கார்டு. ஒரே வருடத்தில் துபாய் கிளம்பிவிட்டார்.

இரண்டாமவர் சோல் கேம்ப்பெல். 2003-04இல் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காத ஆர்சனல் அணியின் தூண். 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராக ஆர்சனலின் ஒரே கோல் அவருடையது. அதோடு கிளப்பை விட்டுப் போனார். 2009இல் இங்கிலாந்தின் நான்காம் டிவிஷனில் இருந்த நாட்ஸ் கவுண்டியோடு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டு, ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வெளியே வந்தார். கையில் அணி இல்லை. ஆர்சனல் மைதானத்தில் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருந்தார்.

2010 ஜனவரியில் ஆர்சன் வெங்கர் அவரை எடுத்தார். அப்போது அவருக்கும் வயது 35.
ஆனால் கவனியுங்க. ஒப்பந்தம் சீசன் முடியும் வரை மட்டும். அதுவும் முதல் வரிசை ஆளாக இல்லை. வெர்மாலன், கல்லாஸ் என்று இருவர் ஏற்கெனவே இருந்தார்கள். காயம் வந்தால் கைகொடுக்க ஒரு ஆள், அவ்ளோதான்.

பிப்ரவரியில் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் அவரை அப்படியே படம் பிடித்துக் காட்டியது. தலையால் முட்டி கோல் அடித்துச் சமன் செய்தவர் கேம்ப்பெல். பிறகு அவர் காலில் பட்டுப் பின்னால் போன பந்தை கோல்கீப்பர் கையில் எடுக்க, அதற்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கில் போர்ட்டோ வெற்றி கோல் அடித்தது. நல்லதும் கெட்டதும் ஒரே ராத்திரியில். ஆனாலும் சீசன் முடிவில் ஆர்சனல் மூன்றாவது இடம். கேம்ப்பெல் லீகில் 11 ஆட்டங்கள் ஆடி, மரியாதையோடு விடைபெற்றார்.

யுவென்டஸின் வீழ்ச்சிக்கு ஒரு மனிதரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. அந்த அணி முழுக்கவே ஆட்டம் கண்டிருந்தது. ஆனால் ஒரு பாடம் தெளிவு.

மருந்து ஒன்றுதான். டோஸ்தான் வேறு.

சரி, ஃப்ளுமினென்சேவுக்குத் திரும்புவோம்.

2024இல் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. ஏனென்றால் அந்த அணி ஏற்கெனவே "பெரியவர்கள்" அணி. 2023 நவம்பரில் தென்னமெரிக்காவின் லிபர்டடோரஸ் கோப்பையை முதன்முறையாக வென்றபோது கோல்கீப்பர் ஃபாபியோவுக்கு 43 வயது. சென்டர் பேக் ஃபெலிப்பே மெலோவுக்கு 40. இடதுபக்கம் ஆடிய மார்செலோவுக்கு 35. அந்த மார்செலோவும் ரியல் மாட்ரிட் புகழோடு அதே ஆண்டு தாய்க் கிளப்புக்குத் திரும்பி வந்தவர்தான்.

கோப்பை வந்தது. அடுத்த சீசனிலேயே கால்கள் தளர்ந்தன. 2024 ஜூனில் அணி லீகின் அடிமட்டத்தில் கிடந்தது. கோப்பை வென்று தந்த பயிற்சியாளர் டினிஸ் நீக்கப்பட்டார்.

20 அணிகளில் கடைசி நான்கு கீழ் டிவிஷனுக்குப் போகும். ஃப்ளுமினென்சே ரசிகர்களுக்கு இது சும்மா பயம் இல்லை. 1990களின் இறுதியில் மூன்றாம் டிவிஷன் வரை விழுந்து எழுந்த கிளப் அது. இப்படி ஒரு நேரத்தில், வயதான அணிக்கு இன்னொரு 39 வயதுக்காரரா?

பலர் தலையில் அடித்துக்கொண்டதில் தப்பே இல்லை.

தியாகோ சில்வா ஜூலையில் களம் இறங்கினார். முதல் ஆட்டம் குயாபாவுக்கு எதிராக, 1-0 வெற்றி. புதுப் பயிற்சியாளர் மானோ மெனேசஸ் தடுப்பை இறுக்கினார். அணி மெல்ல மெல்ல மேலே வந்தது. கடைசி நாளில் பால்மெய்ராஸ் அணியை அதன் மைதானத்திலேயே 1-0 என்று வென்று 13ஆம் இடத்தில் தப்பித்தது.

மார்செலோ? நவம்பரில், மாற்று ஆட்டக்காரராக இறங்கத் தயாராக நின்றவருக்கும் பயிற்சியாளருக்கும் மைதான ஓரத்திலேயே வாக்குவாதம். மறுநாள் ஒப்பந்தம் ரத்து. ஒரே கிளப், திரும்பி வந்த இரண்டு நாயகர்கள், இரண்டு முடிவுகள்.

2025 கிளப் உலகக்கோப்பை. தியாகோவுக்கு வயது 40. ஒரு மாதம் முன்பு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆடிய இன்டர் மிலனை ஃப்ளுமினென்சே 2-0 என்று வீழ்த்தியது. அன்று மூன்று சென்டர் பேக் வைத்து ஆடினார்கள். நடுவில் தியாகோ. ஓட வேண்டியதை இருபக்கமும் இருந்த இளையவர்கள் ஓடினார்கள், எங்கே நிற்கணும் என்பதை அவர் சொன்னார்.

அரையிறுதியில் செல்சியிடம் 2-0 தோல்வி. இரண்டு கோலும் அடித்த ஜோவாவ் பெட்ரோ, ஃப்ளுமினென்சே வளர்த்த பையன். கோல் அடித்தும் கொண்டாடவில்லை.

பிறகு 2025 டிசம்பரில், ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, தியாகோ விலகி போர்ட்டோவுக்குப் போனார். அதுவும் இளவயதில் அவர் இருந்த கிளப்தான்.

ஆக, திரும்பக் கூப்பிடலாமா?

என் பதில்: கூப்பிடலாம். ஆனால் நான்கு விஷயம் பார்த்துவிட்டு.

✅ பழைய பெயரை விட்டுவிட்டு, போன சீசனைப் பாருங்க. தியாகோ செல்சியில் கடைசி ஆண்டு வரை தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்.

✅ ஒப்பந்தம் குறுகியதாக இருக்கட்டும். செல்சி இதைச் சரியாகச் செய்தது. ஒரு வருடம் கொடுத்து, பார்த்து, வருடா வருடம் நீட்டித்தது. ஃப்ளுமினென்சே கொடுத்த இரண்டு வருடம் அதிகம் என்றே நினைக்கிறேன். அது முழுசாக ஓடவில்லை என்பதையும் பார்த்தோம்.

✅ பக்கத்தில் வேகமான கால்கள் வேண்டும். இரண்டு வயதானவர்களை ஜோடியாக நிறுத்துவது தற்கொலை.

✅ "இன்னைக்கு நீங்க பெஞ்சுல உட்காருங்க" என்று அவரிடம் சொல்லக்கூடிய பயிற்சியாளரும், அதைக் கேட்டுக்கொள்ளும் மனசும் வேண்டும். இந்த நான்காவது இல்லை என்றால் முதல் மூன்றும் வீண்.

நன்றிக்கடன் நல்லதுதான். ஆனால் நன்றிக்கு ஒரு மாலை போடலாம், சிலை வைக்கலாம். அணியில் இடம் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கானது.

கடைசியாக, டாக்டராக ஒரு வார்த்தை.

காசநோய்க்கு மாத்திரை ஆரம்பிக்கும்போது பலரும் கேட்கும் கேள்வி, "சார், பழையபடி வேலை பாக்க முடியுமா?"

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. தாமதமாக வந்தால் நுரையீரலில் தழும்பு நிற்கும், சிலருக்கு மூச்சு வாங்கும். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்து, வழக்கமான காசநோய்க்கான ஆறு மாத மாத்திரையை ஒருநாளும் விடாமல் முடித்தவர்களில் பெரும்பாலானோர் குணமாகி வேலைக்குத் திரும்புகிறார்கள்.

நாற்பது வயதில் இன்டர் மிலனை நிறுத்திய மனிதரின் நெஞ்சிலும் ஒருகாலத்தில் அதே கிருமி இருந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். மாத்திரையும் இலவசம். நாளைக்கே போங்க.