பிரேக் பைப்: காரைக்கால் பிக்கப் வண்டிகளில்

பிரேக் பெடலின் அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் மெல்லிய எஃகுக் குழாயே பிரேக் பைப். டாடா ஏஸ் என்ற ‘குட்டி யானை’ (2005), அசோக் லேலண்ட் தோஸ்த் (2011), மஹிந்திரா பொலேரோ பிக்கப் போன்ற சிறு சரக்கு வண்டிகளில் இது சேஸை ஒட்டிப் பின்பக்கம் வரை ஓடுகிறது. சக்கரத்தோடு சேர்ந்து அசைய வேண்டிய இடங்களில் மட்டும் ரப்பர் ஹோஸ் இருக்கும். திரவத்தால் இயங்கும் இந்த பிரேக் முறைக்கு மால்கம் லாக்ஹெட் 1917இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 4.75 மி.மீ. தான். ஓங்கி மிதிக்கும்போது அதற்குள் ஏறும் அழுத்தமோ டயர்க் காற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதனால்தான் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, செம்பால் பற்றவைத்து, மேலே துத்தநாகம் பூசுகிறார்கள்.

காரைக்காலில் இந்தக் குழாய்க்கு எதிரி ஓட்டமல்ல, உப்பு. அரசலாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றும் வண்டிக்குக் கடற்காற்று பாதி வினை. ஐஸ் கரைந்து மீன் பெட்டியிலிருந்து சேஸில் சொட்டும் உப்புத் தண்ணீர் மீதி. குளோரைடு முதலில் துத்தநாகத்தைத் தின்று, பிறகு எஃகைக் குழி குழியாக அரிக்கும். வெயில் படும் இடம் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. கிளிப்புக்கு அடியிலும், சேறு அப்பிய பின் அச்சின் மேலும் ஈரம் தங்குகிறது. எனவே வெளியே பளிச்சென்று இருக்கும் குழாய் கிளிப்பைக் கழற்றினால் பொடியாக உதிரலாம். தகுதிச் சான்று (எப்.சி.) வாங்கப் போகுமுன் அடிப்பகுதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பது துருவைப் பார்வையிலிருந்து மறைக்குமே தவிர நிறுத்தாது. வணிக வண்டிகளுக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையே எப்.சி. என்பதால், இடைப்பட்ட காலத்தில் கிளிப்புகளைத் திறந்து பார்ப்பது வண்டிக்காரர் பொறுப்பு.

மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு தனி அறைகள் உண்டு. பிக்கப்புகளில் பொதுவாக ஒன்று முன்சக்கரங்களுக்கு, மற்றது பின்சக்கரங்களுக்கு. பின் குழாய் வெடித்தாலும் முன்பக்கம் பிடிக்கும். பெடல் மட்டும் ஆழமாக இறங்கும். “ரெண்டு தடவை பம்ப் அடிச்சா நிக்குது” என்று வண்டியை எடுப்பது இந்த நிலையில்தான். லோடின் பெரும்பகுதி பின் அச்சில் அமர்ந்திருக்கும் வண்டிக்கு அந்தப் பாதி பிரேக் போதவே போதாது.

துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப் போடுவது வீண் சிக்கனம். அடுத்த கிளிப்புக்கு அடியிலும் அதே துருதான் காத்திருக்கும். இணைப்பிலிருந்து இணைப்பு வரை முழு நீளத்தையும் மாற்ற வேண்டும். ஏசியில் போடும் செம்புக் குழாய் வளைக்கச் சுலபம், ஆனால் அதிர்விலும் அழுத்தத்திலும் களைத்து விரியும். எஃகு அல்லது பத்து சதவீத அளவுக்கு நிக்கல் கலந்த செம்புக் குழாயே சரி. உப்புக்கு இரண்டாவது நன்றாகத் தாங்கும்.

நட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் ஊறவிட்டு, பிளேர் நட் ஸ்பேனரால் கழற்றுகிறார்கள். சாதாரண ஸ்பேனர் மூலைகளை மழுக்கிவிடும். பழைய குழாயை அச்சாக வைத்துப் புதியதை வளைத்து, நட்டைக் கோத்த பிறகே முனையை இரட்டை மடிப்பாக விரிக்க (பிளேர் செய்ய) வேண்டும். ஒற்றை மடிப்பு இந்த அழுத்தத்தில் விரிசல் விடும். பழைய பாதையிலேயே, சைலன்சருக்கு எட்ட, எல்லாக் கிளிப்புகளோடும் பொருத்த வேண்டும்.

பிறகு ஏர் எடுப்பது, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. டிரைவர் சீட் வலப்பக்கம் என்பதால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவான இடது பின்சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். லோடைப் பொறுத்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டியை, பின்சக்கரம் தொங்கும்படி ஜாக்கியில் தூக்கி ஏர் எடுத்தால் வால்வு வழியைக் குறுக்கிவிடும். சக்கரங்கள் தரையில் நிற்க வேண்டும். ஏபிஎஸ் உள்ளவற்றுக்குக் கம்பெனி சொல்லும் முறையே முறை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்: டாட் 3 ரக ஆயில் புதிதாகக் குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும், ஈரமேறினால் அந்த வரம்பு 140. நெடுநாள் திறந்து வைத்த டின்னும், வடித்தெடுத்த ஆயிலும் உதவாது.

ஒவ்வொரு மீன் நடைக்கும் பிறகு அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுவதே மலிவான காப்பு. துருவுக்கு அஞ்சிக் கழிவு எஞ்சின் ஆயிலை அடியில் அடிக்கும் பழக்கம் குழாயைக் காத்தாலும், பக்கத்திலுள்ள ரப்பர் ஹோஸை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.