நடுவிலிருப்பவரும் சுற்றி நிற்பவர்களும்

பிலிமத்தலாவையில் கண்டி வீதியை விட்டு தவுலகல பாதையில் திரும்பினால் முதலில் கடலாதெனிய விகாரை வரும். அதற்கப்பால் சில கிலோமீற்றர் தூரத்தில், ஒரு பாறைக் குன்றின் மேல் வெள்ளைச் சுவரோடு எழுந்து நிற்பது லங்காதிலக விகாரை. உடுநுவரயின் முஸ்லிம் கிராமங்கள் பல இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. அந்தக் குன்றைப் பார்த்தபடி வயலுக்கும் கடைக்கும் போய் வந்த நம்மவர்களில் எத்தனை பேர் மேலே ஏறிப் பார்த்திருப்பார்கள்? "அது அவர்களுடைய இடம்" என்ற ஒரு வார்த்தையோடு நமது விசாரணை முடிந்துவிடுகிறது. வரலாற்றில் அக்கறையுள்ளவனுக்கு அது போதாது.

விகாரை எழுந்தது 1344ஆம் ஆண்டில். கம்பளையிலிருந்து ஆட்சி செய்த நான்காம் புவனேகபாகுவின் காலம் அது. கட்டுவித்தவர் அவனது அமைச்சர் சேனாலங்காதிகார. கட்டியவர் தென்னிந்தியச் சிற்பியான ஸ்தபதி ராயர். அதே ஆண்டைச் சேர்ந்த கடலாதெனிய விகாரையின் தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி. பெயர்களே ஊரைச் சொல்லும். லங்காதிலகவின் பாறையிலே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் வெட்டப்பட்டிருக்கிறது. வாசிக்க ஆளில்லாத மொழியில் யாரும் கல்வெட்டுப் பொறிப்பதில்லை.

பௌத்த விகாரையை வாசிப்பதென்றால் வாசற்படியிலேயே தொடங்க வேண்டும். அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லை நாமெல்லோரும் படத்திலாவது கண்டிருப்போம். வெளி வளையத்தில் தீச்சுவாலை. அதற்கு உள்ளே யானை, குதிரை, சிங்கம், எருது. பின்னர் கொடியும் அன்னங்களும். நடுவிலே பாதித் தாமரை. தீ என்பது ஆசை, நான்கு விலங்குகளும் பிறப்பு, மூப்பு, பிணி, சாவு, தாமரை நிர்வாணம் என்று பேராசிரியர் பரணவிதான விளக்கினார். இதை ஏற்காதோரும் உளர். எப்படியாயினும், மிதித்துக் கடக்க வேண்டிய கல் அது. பொலன்னறுவைக் காலத்தில் அவ்வளையத்திலிருந்து எருது காணாமற் போகிறது. இந்துக்கள் புனிதமாய்க் கருதும் பிராணியின் மேல் கால் படக்கூடாதென்பதே காரணம் என்பர். அது சரியானால், அயலவனின் மனத்துக்காக ஒரு சமயத்தின் குறியீடே திருத்தப்பட்டிருக்கிறது. இன்று நாம் சாதாரணமாகக் காணும் காரியமல்ல அது.

லங்காதிலகவுக்கு வருவோம். கிழக்கு வாசலால் நுழைந்தால் மகர தோரணத்தின் கீழே அமர்ந்த நிலையில் புத்தர். கைகள் மடியிலே, உள்ளங்கை மேல் நோக்கி, ஒன்றன் மேலொன்றாக. இதைத் தியான முத்திரை என்பார்கள். எதையும் தருவதற்கு நீளாத கை அது. தேரவாதக் கொள்கைப்படி பரிநிர்வாணம் எய்தியவர் மன்றாட்டுக்கு இரங்குபவரல்லர். பூ வைப்பவர் "இப்பூ வாடுவது போல என் உடலும் வாடும்" என்று நினைக்க வேண்டுமே தவிர, பூவுக்குப் பதிலாக ஒன்றைக் கேட்பதற்கில்லை.

அப்படியானால் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தாய் எங்கே போவாள்? வழக்கில் மாட்டிக்கொண்டவன் எங்கே முறையிடுவான்? கட்டடத்தை ஒரு சுற்று வந்தால் விடை கிடைக்கும். புத்தர் இருக்கும் அதே கட்டடத்தின் சுற்றுச் சுவர் மாடங்களில் உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் ஆகிய தெய்வங்கள் நிற்கின்றன. இத்தேவாலயப் பகுதிக்கு வாசல் மேற்கே. இங்கு பூசை செய்பவர் பிக்கு அல்லர், கப்புறாளை. திரையை விலக்கி, காணிக்கையை ஏற்று, வந்தவரின் குறையைத் தெய்வத்திடம் எடுத்துரைப்பது அவரது பணி. கேட்டால் தருவோர் சுற்றிலும், எதையும் தராதவர் நடுவிலும் இருக்கிறார்கள். தெய்வங்களும் பிறவிச் சுழலுக்கு உட்பட்டவையே, புத்தரை வணங்குபவையே என்ற கோட்பாட்டைச் சுவர் கட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

இதனை "இந்துக் கலப்பு" என்ற ஒற்றைச் சொல்லால் ஆய்வாளர் சிலர் கடந்துவிடுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கலந்தது என்றால் ஏதோ தவறிப்போய்ச் சேர்ந்தது போலிருக்கிறது. இங்கே யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது திட்டமிட்டே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. இராவணனின் தம்பி இலங்கையின் காவல் தெய்வமாகிறான். நாம் பாவா ஆதம் மலை என்றழைக்கும் மலையின் காவலர் சமன்.

சிலை என்றதும் நமது மனம் சுருங்குவது இயல்பு. ஏகத்துவத்தில் வளர்ந்தவர்கள் நாம்; அதில் ஒளிப்பதற்கு எதுவுமில்லை. பாரசீகத்தில் சிலையைக் குறிக்கும் 'புத்' என்ற சொல்லே புத்தர் என்ற பெயரிலிருந்து பிறந்ததுதான். ஆனால் ஆரம்ப நூற்றாண்டுகளின் பௌத்தக் கலையில் புத்தரின் உருவமே இல்லை. சாஞ்சியில் வெற்று ஆசனம், பாதச்சுவடு, வெள்ளரசு மரம் ஆகியவை மட்டுமே அவரைக் குறிக்கின்றன. கண்டி இராச்சியத்தில் கைதியாயிருந்த றொபட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் ஒன்றைச் சொல்கிறார். கண் திறக்கும் வரை சிலை வெறும் உலோகம்தான், பட்டறையில் மற்றப் பொருள்களோடு உருண்டு கிடக்கும் என்கிறார். கண் திறக்கும் சிற்பி சிலையை நேரே பாராமல் கண்ணாடியில் பார்த்தே கண்ணை வரைவான் என ஆனந்த குமாரசுவாமி பதிவு செய்துள்ளார். சிலை செய்தவனே அதனை எதிர்கொள்ள அஞ்சுகிறான். நம்முடைய அல்பீரூனி, சுமார் 1030இல், இந்தியரின் சிலைகளைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதினார். கண்ணால் கண்டாலன்றிப் பற்றிக்கொள்ள இயலாத பாமரருக்காகவே உருவங்கள் தோன்றின, அறிஞருக்கு அவை தேவைப்படுவதில்லை என்பது அவர் கருத்து. அவர் சிலையை ஏற்கவில்லை. ஏன் இருக்கிறது என்று கேட்டார். பாமியானில் முஸ்லிம்களின் நடுவே ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக நின்ற இரு புத்தர் சிலைகளை 2001 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

லங்காதிலக எழுந்த அதே 1344ஆம் ஆண்டில்தான் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். ஆதம் மலையில் ஏறினார். தென்கோடியில் 'தீனவர்' என்ற பட்டினத்தையும் அதன் பெருங்கோயிலையும் விவரிக்கிறார். ஆளளவு பொன் சிலை, கண்களாக இரு பெரிய மாணிக்கங்கள், அவை இரவில் விளக்குப் போல் ஒளிரும் எனத் தமக்குச் சொல்லப்பட்டதாக எழுதுகிறார். ஏளனமாக ஒரு வரி கூட அதில் இல்லை. தீனவர் என்றது தெவிநுவர. அங்கிருந்த உபுல்வன் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்துத் தீக்கிரையாக்கினர். பொன் சிலையும் போயிற்று, மாணிக்கமும் போயிற்று. அதே உபுல்வன், பாறையிலே தமிழெழுத்து வெட்டிய லங்காதிலகவின் சுவர் மாடத்தில் இன்றும் நிற்கிறார்.