காட்டுப்பள்ளியும் ஹோங் ஹாவும்: வியட்நாம் காவல் படகுகளில் கைமாறியது எது?

2022 ஜூன் 9 அன்று வியட்நாமின் ஹைஃபோங் நகரில், ஹோங் ஹா கப்பல் கட்டும் தளத்தில், பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 12 அதிவேகக் காவல் படகுகளை அந்நாட்டிடம் ஒப்படைத்தார். அவற்றில் ஐந்து, திருவள்ளூர் மாவட்டக் காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி தளத்தில் கட்டப்பட்டவை. மீதி ஏழும் அதே வடிவமைப்பில், இங்கிருந்து சென்ற வரைபடங்களையும் தளவாடங்களையும் கொண்டு ஹோங் ஹாவிலேயே உருவாயின. பிலிப்பைன்ஸ் வாங்கிய பிரம்மோஸ் ஏவுகணைக்குக் கிடைத்த வெளிச்சம் இந்தப் படகுகள்மேல் விழவில்லை. ஆனால் பிரம்மோஸ் முழுப் பொருளாகவே சென்றது. தொழில்நுட்ப ஏற்றுமதியை ஆராய்பவர் பார்க்க வேண்டியது அந்த ஏழு படகுகளைத்தான். இத்தகைய ஏற்பாட்டில் கட்டும் முறை கைமாறுகிறது. வடிவமைக்கும் திறன் தானாகக் கூடவே போவதில்லை என்பது என் வாதம்.

இதற்குச் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இதே மாவட்டத்து ஆவடி, இதே ஏற்பாட்டில் வாங்கும் பக்கம் உட்கார்ந்திருந்த ஊர். பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்து வடிவமைப்பில், தொடக்க வண்டிகள் அங்கிருந்து வர, 1965 முதல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா டாங்குகளைத் தயாரித்தது. அந்த வரிசையில் 2,000க்கும் மேற்பட்டவை வெளிவந்தன. அத்தனை கட்டிய பிறகும், 1980களில் அதே கூடங்களுக்கு டி-72, பின்னர் டி-90 என்று சோவியத், ரஷ்ய வடிவமைப்புகளே வந்து சேர்ந்தன. சொந்த வடிவமைப்பான அர்ஜுன் 1974இல் ஒப்புதல் பெற்றது. அதை உருவாக்கியது ஆவடியிலேயே தனியாக இயங்கும் போர் வாகன ஆய்வு மேம்பாட்டு நிறுவனம். அதற்கும் 1,400 குதிரைத்திறன் எஞ்சின் ஜெர்மனியிலிருந்துதான் வந்தது. உரிமத்தின்கீழ் கட்டிக் கற்றது ஒரு பாதை, வடிவமைத்துக் கற்றது இன்னொரு பாதை. பக்கத்துப் பக்கத்து வளாகங்களில் இருந்தும் இரண்டும் எளிதில் ஒன்று சேரவில்லை.

வியட்நாமை அன்றைய ஆவடியோடு அப்படியே ஒப்பிடுவது சரியாகாது. பா சோன் தளத்தில் ரஷ்ய உரிமத்தில் மோல்னியா ஏவுகணைப் படகுகளைக் கட்டிப் பழகிய நாடு அது. சுமார் 35 மீட்டர் நீளமும் 35 நாட் வேகமும் கொண்ட காவல் படகு அதற்கு மலைப்பான வேலையல்ல. ஆனால் வேகப் படகில் எடைதான் எல்லாம். மெல்லிய தகட்டை வெல்டிங் செய்யும்போது சூட்டில் அது வளைகிறது. எந்த இணைப்பை முதலில் பிடிப்பது, எங்கே இடைவெளி விட்டு ஆறவிடுவது என்ற வரிசை தவறினால், நிமிர்த்தும் வேலையும் நிரப்பும் பூச்சும் சேர்ந்து எடையை ஏற்றிவிடும். வரிசையைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். தகடு எவ்வளவு இழுக்கும் என்ற கணிப்பு, கூடவே நின்று வேலை பார்ப்பவருக்குத்தான் வரும். கட்டும் முறையே இப்படி ஆள்வழி போகிறதென்றால், அந்தத் தகட்டின் கனத்தை ஏன் அப்படித் தேர்ந்தார்கள் என்ற அறிவு வரைபடக் கட்டோடு போய்விடும் என்று நம்ப இடமில்லை.

பணத்தின் பக்கமும் தெளிவில்லை. 12 படகுகளுக்கும் ஆதாரம் இந்தியா கொடுத்த 10 கோடி டாலர் கடன் வசதி. வாங்குபவருக்கு நாமே கடன் கொடுத்து விற்பது உலக ஆயுதச் சந்தையில் புதிதல்ல. ஆனால் 2024-25இல் 23,622 கோடி ரூபாயை எட்டிய பாதுகாப்பு ஏற்றுமதியைப் பெருமையாகச் சொல்லும்போது, கடன்வழி ஏற்றுமதியைத் தனி வரியாகக் காட்டினால் நல்லது. அந்தப் பணத்தால் உள்ளூர்த் தொழிலுக்கு என்ன கிடைக்கிறது, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பகுதிக்கு இதில் என்ன பங்கு என்ற கேள்வியும் அப்போது நேராகக் கேட்கப்படும். அங்குள்ள உருட்டாலைகளின் முதன்மைச் சரக்கு கட்டடக் கம்பி. காட்டுப்பள்ளி அருகில் இருப்பதால் மட்டும் அவை கப்பல் தகட்டுக்கு மாறிவிடப் போவதில்லை.

கூட்டணி நாடு என்ற பாதுகாப்பும் இங்கே இல்லை. இராணுவக் கூட்டணியில் சேர்வதில்லை என்பது வியட்நாமின் அறிவிக்கப்பட்ட கொள்கை. இந்தியாவும் அப்படி ஒப்பந்தம் செய்வதில்லை. நட்பு நாடுகளுக்கிடையே யாருக்கு எது உரிமை என்பதை ஒப்பந்த வாசகந்தான் தீர்மானிக்க வேண்டும். கடல்சார் பாதுகாப்புக்கென 2024 ஆகஸ்டில் மேலும் 30 கோடி டாலர் கடனுக்கு இரு நாடுகளும் கையெழுத்திட்டன. அதில் கட்டப்படும் கலத்துக்கு நாளை வியட்நாம் வேறு எஞ்சின் பொருத்த நினைக்கலாம். எடை மையம் நகரலாம், சமநிலைக் கணக்கு மாறும். அந்தக் கணக்கை ஹைஃபோங்கிலேயே போட்டுக்கொள்ள உரிமையும் மூலக் கோப்புகளும் தரப்படுமா, ஒவ்வொரு முறையும் காட்டுப்பள்ளிக்கு எழுதிக் கேட்க வேண்டியிருக்குமா என்பதில்தான் விற்றது படகா தொழில்நுட்பமா என்பது தெரியும்.